பால் மறந்த குட்டிகளும் ஒரு புட்டி வேப்பெண்ணெயும்

நீங்கள் இருவரும் இங்கே வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சாவிக்கொத்து, தராசு, தெர்மாமீட்டர், தினப்புத்தகம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டேன். "புத்தகத்தில் இல்லாதது ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க அக்கா" என்று உங்களில் சின்னவள் கேட்டாள். ஓய்வு பெற்ற பெரியவர்களைப் போல அனுபவம் எழுத எனக்கு வயது போதாது. இருபத்தெட்டுதான் ஆகிறது, கல்யாணம் ஆகித் தேவகோட்டைக்குப் போகிறேன், அவ்வளவே. ஆனால் ஐந்து வருடம் பன்றிக்குட்டிகளோடு இருந்திருக்கிறேன். அதில் எட்டு நாட்களை மட்டும் எழுதுகிறேன். என் தவறுகளில் முக்கால்வாசியை அந்த எட்டு நாட்களிலேயே செய்து முடித்துவிட்டேன். தீனி கலக்கும் அளவு, எடை பார்க்கும் முறை எல்லாம் தினப்புத்தகத்தில் இருப்பதால் இங்கே எழுதவில்லை.

உலக யுத்தம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது இது. வல்லத்திராக்கோட்டைச் சாலையில் இந்தப் பண்ணையைத் தொடங்கியதே பட்டாளத்துக்கு இறைச்சி அனுப்பத்தான். ஊரில் திரிகிற கறுப்புப் பன்றிகள் அல்ல, வெள்ளைச் சீமைப்பன்றிகள். கால்நடைப் பராமரிப்பில் இரண்டு வருடம் படித்துவிட்டு நான் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படித்த பெண் ஒருத்தி பன்றிக் கொட்டடிக்கு வந்ததை என்னவென்று சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ "கம்பவுண்டரம்மா" என்று ஆரம்பித்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

குட்டிகளைப் பார்த்துக்கொண்டவள் அழகி. உங்களுக்கு அவளைத் தெரியும். அப்போது அவளுக்கு இருபத்துநான்கு வயது, எனக்கு இருபத்துமூன்று. அவள் கணவன் கருப்பையா பண்ணை வண்டி ஓட்டினான். கட்டுமாவடிக்குப் போய்க் கழிவு மீன் ஏற்றி வருவான். இரண்டு வயதில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பவளம். கொட்டடிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டில்தான் மூவரும் இருந்தார்கள். அது பண்ணை வீடு. வேலை இருக்கும் வரை வீடு இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று தாய்ப்பன்றிகளின் குட்டிகளை ஒரே நாளில் பால் மறக்கடித்தோம். மொத்தம் இருபத்தாறு குட்டிகள். தாய்களை வேறு கொட்டடிக்கு ஓட்டிவிட்டுக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டு எடை எழுதினேன். எடையில் பெரியவை எட்டு ஓர் அறை, நடுத்தரம் பத்து ஓர் அறை, சிறியவை எட்டு ஓர் அறை. பட்டியலைப் பார்க்கவே அழகாக இருந்தது. ஒரு வயிற்றுக் குட்டிகள் மூன்று அறைகளுக்கும் சிதறிப்போயின.

அழகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஒரு வகுத்துப் புள்ளைகள எதுக்கும்மா அங்கிட்டும் இங்கிட்டுமாப் பிரிக்கிறீங்க?"

"எடை ஒண்ணா இருந்தாத்தான் அழகி, தீனியும் ஒண்ணாக் கெடைக்கும்."

"அது ஒங்க தராசுக்குத் தெரியும். அதுகளுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. கதவை மூடிய கால் மணி நேரத்தில் சண்டை தொடங்கியது. தோளோடு தோள் நின்று முட்டிக்கொண்டன, காதைக் கடித்தன. தாயைப் பிரிந்த ஏக்கம் ஒரு பக்கம், முன்பின் பார்க்காத முகங்கள் ஒரு பக்கம். அன்னியக் குட்டிகள் சேரும்போது யார் முந்தி, யார் பிந்தி என்று தீரும்வரை ஒன்றிரண்டு நாள் சண்டை இருக்கும் என்று நானும் படித்திருந்தேன். படிக்காதது ஒன்று உண்டு. எடையில் வித்தியாசம் அதிகமாக இருந்தால் சிறியது சீக்கிரம் விலகிக்கொள்ளும். சமமான இரண்டு குட்டிகள்தான் விடாமல் மோதும். நான் தராசை வைத்துக்கொண்டு மிகத் துல்லியமாக ஜோடி சேர்த்துவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று அறைகளும் அடங்கின. குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து தூங்கின. நடு அறையில் நான்கு குட்டிகளுக்கு மட்டும் காதிலும் தோளிலும் புதுக்கோட்டை அம்மன் காசு அளவுக்குச் சின்ன வட்டமாகக் காயம் இருந்தது. ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும் என்று பயந்து நான்குக்கும் வேப்பெண்ணெய் பூசினேன். பிறகு அதிகக் காயம்பட்ட இரண்டை மட்டும் தனி அறைக்கு மாற்றி, செவ்வாய்க்கிழமை திரும்பவும் எண்ணெய் பூசி உள்ளே விட்டேன்.

அதன் பிறகு நடு அறையில் நடந்ததற்குப் பெயர் சண்டை இல்லை. சண்டை என்றால் இரண்டும் முட்டவேண்டும். இங்கே அந்த நான்கு குட்டிகளை மற்ற ஆறும் மாறி மாறித் துரத்தின. அவை தொட்டிப் பக்கம் வரவே பயந்து மூலையில் முகத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன. காயம் பெரிதாயிற்று. நான் இன்னும் எண்ணெய் பூசினேன்.

புதன்கிழமை தினப்புத்தகத்தில் காரணங்களைப் பட்டியல் போட்டேன். எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் பட்டியல் போடுவேன், இன்றும் அப்படித்தான். ஒன்று, மூன்று வயிற்றுக் குட்டிகள் கலந்தது. இரண்டு, இடம் போதாமை. மூன்று, தண்ணீர் போதாமை. நான்கு, தீனி குறைகிறதோ? நான்காவதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என்னிடம் எந்தச் சந்தேகமும் இல்லை. பட்டியல் முழுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக எழுதியது அது.

பண்ணை மேனேஜர் தினமும் மத்தியானம் வந்து நின்றபடியே தினப்புத்தகத்தைப் படிப்பார். கெட்டவர் இல்லை. கொட்டடியில் ஒரு ஓடு உடைந்தால்கூட அன்றே மாற்றிவிடுவார். மனிதர்கள் விஷயத்திலும் அதே வேகம்தான்.

நான்காவது வரியில் விரலை வைத்தார். "நொய்க் கஞ்சிதானே இதுகளுக்கு?"

"ஆமாங்க சார். நொய், பிண்ணாக்கு, கொஞ்சம் மீன்தூள்."

"பர்மா அரிசி நின்னதுலேருந்து ஊர்ல நொய்க்கு என்ன கிராக்கி தெரியுமா? பசிச்சாத்தாம்மா ஒண்ணையொண்ணு கடிக்கும். அவ புள்ளையப் பாத்தீங்களா, கொழுகொழுன்னு இருக்கு."

"சார், அது தாய்ப்பால் குடிக்கிற புள்ள. நான் சும்மா ஒரு கேள்விக்குறிதான் போட்டேன்."

"கேள்விக்குறி போடுறது ஒங்க வேலை. பதில் போடுறது என் வேலை. சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிருங்க. வண்டிக்காரனையும்."

புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிய ஏழு எழுத்தில் ஒரு வீடு காலியாகப் போகிறது என்பது எனக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆயிற்று.

அழகியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. கஞ்சி வாளியைத் தூக்கி என் காலடியில் நங்கென்று வைத்தாள்.

"நான் களவாணியா?"

"நான் அப்படி எழுதல அழகி."

"எழுதலைன்னா அவுக எப்படிப் படிச்சாக? எனக்கு எழுத்து தெரியாது. நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு வேளையும் தீனி அளக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னாள். நின்றேன். அளவு தலை தட்டாமல் குவித்தே போட்டாள். நடு அறைத் தொட்டியில் தின்றது போக மிச்சமும் கிடந்தது. இதை மேனேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நீங்க பக்கத்துல நிக்கையில எடுப்பாளா?" என்றார்.

அதுவும் நியாயம்தான். ஒருத்தி எடுக்கவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. குட்டிகள் ஏன் கடிக்கின்றன என்பதைத்தான் நிரூபிக்கவேண்டும். அதற்கு வியாழன் பாதியும் வெள்ளி முழுவதும் இருந்தன.

கொட்டடிக்குத் திரும்பியபோது அழகி மருந்து அலமாரி முன்னால் நின்றாள்.

"வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு குடுங்க. கேட்டுத்தான் வாங்குறேன், எடுக்கல. பொஸ்தகத்துல எழுதிக்கங்க."

"எதுக்கு?"

"பவளத்துக்குப் பால் மறக்கடிக்கப் போறேன். நாளாண்டிக்கு எங்க கெடக்கப் போறோமோ. போற எடத்துல மடியில தொங்கிக்கிட்டு இருந்தா எவன் வேலை குடுப்பான்?"

புட்டியைக் கொடுத்தேன். மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டால் குழந்தை கசப்புக்குப் பயந்து பாலை மறக்கும். நம் பக்கத்து வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். தீனிச் சாக்குமேல் விளையாடிக்கொண்டிருந்த பவளம், அம்மா உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஓடி வந்து மடியில் விழுந்தாள். வாயை வைக்கவே இல்லை. முகர்ந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்து அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். திரும்பவும் முகர்ந்தாள். பிறகு பளார் என்று அம்மாவின் கன்னத்தில் ஒரு அடி அடித்துவிட்டு, அதுவரை என்னிடம் ஒருநாளும் வராத குழந்தை ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

அழகிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்கம்மா கூத்த! ரெண்டு சொட்டு எண்ணெயில நான் யாரோ ஆயிட்டேன், நீங்க ஆத்தா ஆயிட்டீங்க."

நான் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே நடு அறைக்குப் போனேன்.

எண்ணெய் பூசிய குட்டி ஒன்று மூலையில் நின்றது. இன்னொரு குட்டி அதன் அருகே வந்தது. இரண்டும் ஒரே வயிற்றுக் குட்டிகள். காதில் ஒரே வெட்டுக்குறி. வந்த குட்டி மூக்கைக் காதுப் பக்கம் நீட்டி முகர்ந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தது. திரும்பவும் முகர்ந்தது. பவளம் செய்ததை அப்படியே செய்தது. பிறகு கடித்தது.

கண்ணால் பார்த்து அறிவதைவிட மூக்கால் அறிவதுதான் அவற்றுக்கு அதிகம். வெள்ளியும் சனியும் முட்டி மோதிப் பழகிக்கொண்டவற்றில் நான்கை நான் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பூசி மறுபடியும் அன்னியமாக்கிவிட்டேன். கடித்த இடத்தில் பூசினேன். பூசிய இடத்தில் கடித்தன. இரண்டு குட்டிகளைத் தனியே வேறு வைத்திருந்து வீட்டு வாசனையையும் போக்கித் திருப்பி அனுப்பினேன். அவைதான் அதிகம் கடிபட்டன.

அழகியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தடவை பார்த்தாள்.

"ஆக, களவாணி நான் இல்ல. ஒங்க புட்டி."

"என் புட்டிதான். எண்ணெய நிறுத்திட்டா ஈ மொய்ச்சுப் புழு வைக்கும். நிறுத்தலைன்னா கடிச்சே கொன்னுரும்."

"இதுல என்ன யோசனை? பூசுனா பத்துக்கும் பூசுங்க. இல்லைன்னா எதுக்கும் பூசாதீங்க."

இரண்டு வருடப் படிப்பில் இது எனக்குத் தோன்றவில்லை. உடனே இன்னொன்றும் சொன்னாள்: "அப்படியே அண்ணன் தம்பியெல்லாம் பழையபடி ஒண்ணாச் சேத்துருங்க." இதற்கு நான் சம்மதிக்கவில்லை. முதல் நாளே அதைச் செய்திருக்கவேண்டும். ஆறு நாள் கழித்து மாற்றினால் மூன்று அறைகளிலும் முதல் நாள் சண்டை திரும்ப வரும். தவறாகச் சேர்த்ததாக இருந்தாலும் அந்தப் பத்தும் இப்போது ஒரு குடும்பம். "இனிமே எதையும் மாத்தக் கூடாது அழகி. ஒண்ணைக்கூட வெளிய எடுக்கக் கூடாது" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். இந்த இடத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் இருக்கும்போது நிறையச் செய்யவேண்டும் என்று கை பரபரக்கும். நான் அந்த வாரம் கெடுத்ததெல்லாம் அந்தப் பரபரப்பில் கெடுத்ததுதான்.

புட்டியில் இருந்தது போதவில்லை. கருப்பையா மாட்டைப் பூட்டிக்கொண்டு செக்குக்குப் போய் ஒரு தகரம் எண்ணெய் கொண்டுவந்தான். பொழுது சாய்வதற்குள் பத்துக் குட்டிகளுக்கும் தலை முதல் வால் வரை எண்ணெய். அழகி ஒவ்வொன்றாக மடியில் இடுக்கிக்கொண்டு, "அடங்கு ராசா, தீவாளிக்குத்தான் எண்ணெயா" என்று கேட்டபடி பூசினாள். குட்டிகள் போட்ட கூச்சலில் சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நாங்கள் இருவரும் அந்தப் பத்தோடு பதினொன்று பன்னிரண்டு மாதிரிதான் இருந்தோம். பவளம் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வாசனை மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. துரத்தப்பட்ட குட்டிக்குக் கண்மறைவாக ஓர் இடம் வேண்டும். அறையின் நடுவில் குறுக்காகப் பனையோலைத் தட்டி ஒன்று கட்டினோம். பத்தும் ஒரே நேரத்தில் வாய் வைக்க இன்னொரு தொட்டி போட்டோம். வாய்க்கு வேலை இருக்கட்டும் என்று வைக்கோலும் பனமட்டையும் உள்ளே வீசினோம்.

வெள்ளிக்கிழமை காலையில் முகர்வது நடந்தது, கடிப்பது குறைந்தது. துரத்தப்பட்டவை தட்டிக்குப் பின்னால் போய் நின்றதும் துரத்தியது மறந்துவிட்டு வைக்கோலைக் கிளறப் போனது. மத்தியானம் நான்கும் தொட்டிக்கு வந்தன. மாலையில் பத்தும் ஒரே குவியலாகக் கிடந்தன. எது எதன் மேல் கிடக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். உங்களுக்கும் பிடிக்கும்.

சனிக்கிழமை மேனேஜர் வந்தார். குவியலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? நீங்க ரெண்டு நாள் பக்கத்துல நின்னு அளந்து போட வச்சதும் கடி நின்னுபோச்சு. நான் சொன்னது சரியாப் போச்சு."

அழகியைக் காப்பாற்றச் செய்ததெல்லாம் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். "எண்ணெயாம், வாசனையாம்!" என்று சிரித்தார். அழகி வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஓட்டு வீட்டு வாசலில் பானை சட்டி கட்டி வைத்திருந்தது.

அப்போது செய்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பெரிய அறையின் எட்டுக் குட்டிகளுக்கு அதுவரை எண்ணெய் பட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அமைதியாக இருந்தன. "சார், ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவற்றில் மிகத் திடமான குட்டியைத் தூக்கி, காதிலும் முதுகிலும் வேப்பெண்ணெய் பூசினேன். அழகி ஒரு தட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். குட்டியை இறக்கிவிட்டேன்.

இரண்டு வந்து முகர்ந்தன. பின்வாங்கின. மூன்றாவது வந்தது. முகர்ந்தது. காதைக் கவ்வியது. மற்றவையும் திரும்பின. அழகி தட்டியை நடுவில் செருகினாள். நான் குட்டியைத் தூக்கிவிட்டேன். எண்ணி ஒரு நிமிஷம் இருக்காது. காதில் ஒரு பொட்டு ரத்தம். அந்த ஒரு கடிக்கு நான்தான் பொறுப்பு. தெரிந்தே வாங்கிக் கொடுத்தேன். ஒரு மனுஷியின் வீட்டுக்காக என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குட்டியிடம் அந்தச் சமாதானம் செல்லாது என்பதும் தெரியும்.

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இது இப்பத்தானே கஞ்சி குடிச்சிச்சு?" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல.

"வயிறு முட்டக் குடிச்சிருக்கு சார்."

"அந்த நாலுக்கும் எண்ணெய் பூசினது யாரு?"

"நான்தான் சார்."

"எடை பாத்துக் கலந்துவிட்டது?"

"அதுவும் நான்தான்."

பிறகு தினப்புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "அந்த நாலாவதை அடிச்சிருங்க." அடித்தேன். அதற்குக் கீழே, 'காயத்துக்கு மருந்திட்ட குட்டிகளை மற்றவை அடையாளம் காணவில்லை. மருந்திட்டவள் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்தார். என் வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அவளை வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

"நீங்களே சொன்னா நல்லா இருக்கும் சார்."

முறைத்தார். ஆனாலும் வாசல் வரை நடந்தார். அழகி முன்னால் போய் நின்றார். அவள் காலடியில் உட்கார்ந்து அழுது அழுது முகம் சுருங்கிப்போயிருந்த பவளத்தைப் பார்த்தார்.

"என்ன, புள்ள எளச்சுப்போச்சு?"

"பால் மறந்திருக்குங்க எசமான்" என்றாள் அழகி. "ஒங்க குட்டிகளுந்தான் ரெண்டு நாள் எளச்சுச்சு. இதுக்கு யாரத் தொரத்துவீங்க?"

மேனேஜர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "வேலையப் பாரு, போ" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து பவளத்துக்கு ஒரு செம்பு பசும்பால் வந்தது. அதை அழகி வாங்கிக்கொண்டாளே தவிர, என்னிடம் முகம் கொடுத்துப் பேச இன்னும் பத்து நாள் ஆயிற்று. அது என் ஏழு எழுத்துக்கான தண்டனை. குறைவு என்றுதான் நினைக்கிறேன்.

பவளம் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அழகியைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஒன்பது நாளில் உங்களையும் இரண்டு தடவை திட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு வயிற்றுக் குட்டிகளை நாம் இப்போது பிரிப்பதில்லை. தாய்களைத்தான் அப்புறப்படுத்துகிறோம், குட்டிகள் பழகிய இடத்திலேயே இருக்கின்றன. பட்டியல் போடுவதையும் நான் விடவில்லை. மனிதர்களைத் தொடுகிற வரி வரும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் கொட்டடிக்குப் போய்ப் பார்க்கிறேன்.

ஒப்படைப்புப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் வேப்பெண்ணெய் இருக்கிறது. முன்பு புட்டியாக இருந்தது, இப்போது தகரமாக வாங்கி வைத்திருக்கிறேன். எத்தனை குட்டிக்குக் காயம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பூசும் அளவுக்கு இருக்கிறது.